லாகூருக்குப் போன இலங்கை அணி: 2009 முதல் இன்று வரை

இலங்கை கிரிக்கெட் அணி பாகிஸ்தானுக்குப் பயணமாகிறது என்ற செய்தி வந்தாலே இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். பாதுகாப்பு எப்படி என்பது முதலாவது. மற்றது வீதியிலும் முகநூலிலும் நம்மை நோக்கி வீசப்படுவது: "உங்களுக்கென்ன, யார் வென்றாலும் சந்தோஷம்தானே?" கடந்த 2025 நவம்பரில் இஸ்லாமாபாத் நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே குண்டு வெடித்து 12 பேர் உயிரிழந்தபோது, சில கிலோமீற்றர் தூரத்தில் ராவல்பிண்டியில் இலங்கை அணி ஒருநாள் போட்டி ஆடிக்கொண்டிருந்தது. வீரர்கள் சிலர் நாடு திரும்ப விரும்பினர். இலங்கை கிரிக்கெட் சபையோ தொடரை முடித்துவிட்டே வர வேண்டும் என்றது. அந்த வாக்குவாதத்தில் பலரும் 2009ஐ நினைவூட்டினார்கள். ஆனால் 2009இல் உண்மையில் என்ன நடந்தது, இலங்கை ஏன் அங்கு போனது என்பது இளைய தலைமுறைக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை. அன்று பிறந்த பிள்ளை இன்று சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதில் இருக்கிறது.

கதை லாகூரில் தொடங்கவில்லை, கொழும்பில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டு அணிகள் வர மறுக்கும் நாடாக இருப்பது எப்படியிருக்கும் என்பதைப் பாகிஸ்தானுக்கு முன்பே அனுபவித்தவர்கள் நாம். 1987 ஏப்ரலில் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தபோது நியூசிலாந்து அணி இங்கிருந்தது. ஒரேயொரு டெஸ்டுடன் தொடரைக் கைவிட்டு அது ஊர் திரும்பியது. அதன்பின் 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியா வரும்வரை இலங்கை மண்ணில் ஒரு டெஸ்ட் போட்டிகூட நடக்கவில்லை. ஐந்து வருடங்களுக்கு மேல். அர்ஜுன, அரவிந்த போன்றோரின் இளமைக்காலத்தில் ஒரு பெரும்பகுதி அப்படியே கழிந்தது. 1992 நவம்பரில் நியூசிலாந்து மீண்டும் வந்தது. அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கு அருகில் கடற்படைத் தளபதி குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அணியில் சிலர் திரும்பிப் போனார்கள், தலைவர் மார்ட்டின் குரோவும் வேறு சிலரும் தங்கினார்கள்.

1996 உலகக் கிண்ணத்தின்போது நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தகர்க்கப்பட்டு தொண்ணூறு பேரளவில் பலியாகினர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்து, புள்ளிகளையே விட்டுக்கொடுத்தன. அப்போதுதான், பெப்ரவரி 13ஆம் திகதி, இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து பிரேமதாச மைதானத்தில் இலங்கைக்கு எதிராக ஆடினார்கள். அஸாருதீன் தலைவர். டெண்டுல்கரும் வஸீம் அக்ரமும் ஒரே உடையில். கொழும்புக்கு வரலாம், ஒன்றும் ஆகாது என்று உலகுக்குச் சொல்வதற்காகவே வந்தார்கள். இன்றைய நிலையில் இரு நாட்டு வீரர்களும் கைகுலுக்குவதே செய்தியாகிவிட்டபோது, அந்த நாள் நம்ப முடியாத ஒன்றாகத் தெரிகிறது. அடுத்த மாதம் 17ஆம் திகதி லாகூர் கடாபி மைதானத்தில் இறுதிப் போட்டி. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107, பந்துவீச்சில் மூன்று விக்கெட். அரங்கில் இருந்த லாகூர் மக்கள் பெரும்பாலும் இலங்கையின் பக்கமே நின்றார்கள். கிண்ணத்தை அர்ஜுனவிடம் கொடுத்தவர் பெனாசிர் பூட்டோ.

ஆக, 2008 முடிவில் பாகிஸ்தான் அழைத்தபோது இலங்கைக்கு அது வெறும் போட்டி அட்டவணை சார்ந்த விடயமாக இருக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. 2009 ஆரம்பத்தில் பாகிஸ்தானுக்குப் போகவிருந்த இந்திய அணியை அந்நாட்டு அரசு தடுத்தது. 2008 முழுவதும் பாகிஸ்தான் ஒரு டெஸ்ட் போட்டியேனும் ஆடவில்லை. காலியான அந்த இடத்துக்கு இலங்கை போக இணங்கியது. இதில் அரசியலும் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. வன்னிப் போர் இறுதிக் கட்டத்தில் இருந்த மாதங்கள் அவை. இலங்கைக்கு ஆயுதம் வழங்கிய நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று. அரச தலைவர்களுக்கு நிகரான பாதுகாப்பு தருவதாக இஸ்லாமாபாத் உறுதியளித்தது.

சுற்றுப்பயணம் இரண்டு பாகங்களாக நடந்தது. ஜனவரியில் மூன்று ஒருநாள் போட்டிகள். கராச்சியில் இரண்டு, லாகூரில் ஒன்று. தொடரை இலங்கை 2-1 என வென்றது. லாகூர் ஆட்டத்தில் டில்ஷான் ஆட்டமிழக்காமல் 137 எடுக்க, பாகிஸ்தான் 75 ஓட்டங்களுக்குள் சுருண்டது. எந்த அசம்பாவிதமும் இல்லாமல் வீடு திரும்பிய அணி, இடையில் இந்தியாவுடன் சொந்த மண்ணில் ஆடிவிட்டு, பெப்ரவரியில் டெஸ்ட் தொடருக்காக மீண்டும் போனது. ஒருமுறை போய்ப் பத்திரமாக வந்துவிட்டதால் இரண்டாம் முறை அச்சம் குறைந்திருக்கக்கூடும்.

கராச்சி டெஸ்ட் துடுப்பாட்டக்காரர்களின் திருவிழா. மஹேல ஜயவர்தன 240, திலான் சமரவீர 231. நான்காவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்த 437 ஓட்டங்கள் அன்றைய உலக சாதனை. இலங்கை 644க்கு 7. பதிலுக்கு யூனிஸ் கான் 313, பாகிஸ்தான் 765க்கு 6. பந்துவீச்சாளர்களுக்குப் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும். மார்ச் முதலாம் திகதி லாகூரில் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியது. சங்கக்கார 104, சமரவீர மீண்டும் இரட்டைச் சதம், 214. டில்ஷான் 145. இலங்கை 606. இரண்டாம் நாள் முடிவில் பாகிஸ்தான் ஒரு விக்கெட்டுக்கு 110.

மூன்றாம் நாள், மார்ச் 3, செவ்வாய்க்கிழமை காலை. ஹோட்டலில் இருந்து கடாபி மைதானம் அதிக தூரமில்லை. லிபர்ட்டி சுற்றுவட்டத்தை பஸ் நெருங்கியபோது பன்னிரண்டு பேர் அளவிலான ஆயுததாரிகள் பல திசைகளில் இருந்தும் சுட்டார்கள். ரொக்கெட் ஒன்று ஏவப்பட்டது, பஸ்ஸில் படவில்லை. கைக்குண்டும் வீசப்பட்டது. வீரர்கள் ஆசனங்களுக்கிடையே தரையில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். சமரவீரவுக்குத் தொடையில் குண்டு. தரங்க பரணவிதானவுக்கு மார்பில் காயம். மஹேல, சங்கக்கார, அஜந்த மெண்டிஸ், துணைப் பயிற்றுநர் போல் பார்பிரேஸ் உட்பட இன்னும் சிலர் காயமடைந்தார்கள்.

பஸ்ஸைச் செலுத்தியவர் மெஹர் முஹம்மது கலீல். சாரதி ஆசனத்தில் இருப்பவர்தான் முதல் இலக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் குனிந்து ஒளிந்திருக்கலாம், இறங்கி ஓடியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வேகத்தை மிதித்து, சூட்டுக்கு நடுவே பஸ்ஸை மைதானத்துக்குள் கொண்டு சேர்த்தார். இலங்கை அணியின் அந்தத் தலைமுறை முழுவதும் உயிரோடு இருப்பதற்கு, அல்லாஹ்வின் நாட்டத்துக்கு அடுத்ததாக, அந்த மனிதரின் கையும் காலும்தான் காரணம். பின்னர் அவர் இலங்கைக்கு அழைக்கப்பட்டுக் கௌரவிக்கப்பட்டார்.

பின்னால் வந்த வேனில் போட்டி நடுவர்கள் இருந்தார்கள். அதன் சாரதி கொல்லப்பட்டார். மேலதிக நடுவரான அஹ்ஸன் ரஸா குண்டுபட்டு மரணத்தின் விளிம்புக்குச் சென்றார். போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் பிரோட், தங்களைக் காக்க வேண்டிய பொலிஸார் அவ்விடத்தில் இல்லாமல் போனார்கள் என்று பின்னர் கடுமையாகக் குற்றம் சாட்டினார். பாகிஸ்தான் கிரிக்கெட் சபைத் தலைவர் அதை மறுத்தார். பிரோட்டின் கோபம் நியாயமானது. வாக்களிக்கப்பட்ட பாதுகாப்பு அன்று கிடைக்கவில்லை. வழமையாக இரு அணிகளும் ஒன்றாகப் புறப்படும், அன்று பாகிஸ்தான் அணி சில நிமிடங்கள் தாமதித்தது என்பதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ கதைகள் கட்டப்பட்டன. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அணியைப் பாதுகாத்து வந்த பொலிஸாரில் ஆறு பேர் அந்த வீதியிலேயே உயிரை விட்டார்கள். பொதுமக்கள் இருவரும் இறந்தனர். அந்த எட்டுப் பேரும் பாகிஸ்தானியர்கள். இலங்கையர் ஒருவரும் இறக்கவில்லை என்று நாம் நன்றி சொல்லும் இடத்தில் அந்த எட்டுக் குடும்பங்களும் நிற்கின்றன. ஒவ்வொரு மார்ச் மாதமும் நமது ஊடகங்கள் பஸ்ஸின் குண்டுத் துளைகளைப் படம் போடுகின்றன. அந்த ஆறு பொலிஸாரின் பெயர்களை நான் எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் கண்டதாக நினைவில்லை.

மைதானத்தின் நடுவில் இராணுவ ஹெலிகொப்டர் இறங்கி வீரர்களை ஏற்றிச் சென்றது. மறுநாள் அதிகாலை அவர்கள் கொழும்பில் இருந்தார்கள். சங்கக்கார 2011இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இதைப் பற்றிப் பேசினார். நாடு திரும்பிய பின் ஒரு சோதனைச்சாவடியில் சந்தித்த சாதாரண சிப்பாய் ஒருவர், தான் இறந்தால் அது தன் தொழில், நீங்கள் இறந்தால் நாட்டுக்கு இழப்பு என்று சொன்னதை அவர் நினைவுகூர்ந்தார். தாம் தமிழர், சிங்களவர், முஸ்லிம், பறங்கியர் எல்லாமே என்று அவர் முடித்ததும் அதே உரையில்தான். முஸ்லிம்கள் பலர் அந்தக் காணொளியை இன்னும் பகிர்கிறார்கள். காரணம் விளங்குகிறது.

தாக்குதலை நடத்தியது லஷ்கர்-ஏ-ஜங்வி என்ற குழு என்று பாகிஸ்தான் பொலிஸ் கூறியது. பள்ளிவாசல்களிலும் ஜனாஸாக்களிலும் முஸ்லிம்களையே கொன்று குவித்த பேர்வழிகள். அந்த வகைக் குழுக்களின் கையால் இறந்தவர்களை எண்ணினால், மிகப் பெரும்பான்மையினர் பாகிஸ்தான் முஸ்லிம்கள்தான். 2014 டிசம்பரில் பெஷாவர் பாடசாலையில் நூற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். "அவர்கள் நாடு, அவர்கள் ஆட்கள்" என்று சுலபமாகப் பேசுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

லாகூரின் பின் பாகிஸ்தான் கிரிக்கெட் நாடோடியாகியது. 2011 உலகக் கிண்ணத்தை இணைந்து நடத்தும் உரிமை பறிபோனது. பத்து வருடங்கள் அதன் சொந்த மைதானங்கள் துபாயிலும் ஷார்ஜாவிலும் அபுதாபியிலும்தான். ஆனால் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். தாக்குதல் நடந்து நான்கு மாதங்கள் ஆக முன்னரே, 2009 ஜூன் 21ஆம் திகதி, லோர்ட்ஸில் டி20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. மோதியவை இலங்கையும் பாகிஸ்தானும். குண்டுச் சிதறல் காயத்தோடு லாகூரை விட்டு வந்த சங்கக்கார இப்போது தலைவர், ஆட்டமிழக்காமல் 64 எடுத்தார். வென்றது யூனிஸ் கானின் அணி. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர், எங்கள் நாட்டுக்கு வாருங்கள் என்று மற்ற நாடுகளிடம் வேண்டுகோள் விடுத்தார். அடுத்த மாதமே பாகிஸ்தான் இலங்கைக்கு வந்து ஆடியது, டெஸ்ட் தொடரை நாம் 2-0 என வென்றோம். தொடையில் குண்டு பாய்ந்த சமரவீர, ஓகஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராகக் காலியில் 159, கொழும்பில் 143 என அடித்தார்.

இந்த இடத்தில்தான் நம்மை நோக்கிய அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். முஸ்லிம்கள் பாகிஸ்தானின் ஆதரவாளர்கள் என்ற பேச்சு நமது கிராமங்களில் பட்டாசுக் கதைகளாக உலவுகிறது. எண்பதுகளில் இம்ரான் கானின் படத்தை ஒட்டாத முஸ்லிம் கடை குறைவு என்பது உண்மைதான். அன்று இலங்கை எப்போதாவதுதான் வெல்லும், இம்ரானின் அணியோ உலகை மிரட்டியது. 1996க்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜயசூரியவும் முரளியும் சங்காவும்தான். இன்னும் யாராவது பாபர் அஸாமை ரசித்தால் அது குற்றமுமல்ல. ஒரு பந்துவீச்சாளரை ரசிப்பதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

ஆனால் பேசப்பட வேண்டியது வேறொன்று. பாகிஸ்தானோடு இந்த நாட்டுக்கு உள்ள கிரிக்கெட் உறவைக் கட்டியது முஸ்லிம்கள் அல்ல. கிரிக்கெட் சபைகளும், அரசாங்கங்களும், பெரும்பான்மைச் சமூக வீரர்களும்தான். இந்தியா மறுத்தபோது போக முடிவெடுத்தது கொழும்பில் இருந்த அரசு. அந்த உறவு அரசுக்குப் பெருமை, நமக்கு மட்டும் சந்தேகம் என்றால் அந்தத் தராசு சரியில்லை.

சுற்றுப்பயணம் போகும் அணிக்கு ஆபத்து எங்கும் வரலாம் என்பதை 2019 காட்டியது. மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் பங்களாதேஷ் வீரர்கள் ஜும்ஆவுக்காக பஸ்ஸில் அந்நூர் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள். செய்தியாளர் சந்திப்பு சற்று நீண்டதால் தாமதம். பள்ளியை நெருங்கியபோது உள்ளிருந்து இரத்தத்தோடு மக்கள் ஓடி வந்தார்கள். ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் உள்ளே ஸஃப்பில் இருந்திருப்பார்கள். இரு பள்ளிவாசல்களிலும் சேர்த்து 51 பேர் ஷஹீதானார்கள். மறுநாள் தொடங்கவிருந்த டெஸ்ட் ரத்தானது. அதன்பின் நியூசிலாந்தில் கிரிக்கெட் ஆட முடியாது என்று யாரும் சொல்லவில்லை, பங்களாதேஷே 2021இல் மீண்டும் போனது. 2005 ஜூலையில் இலண்டன் குண்டுவெடிப்புகளின்போதும் அவுஸ்திரேலியா ஆஷஸ் தொடரை இடைநிறுத்தவில்லை. லாகூரில் அணியே இலக்கு என்பது பெரிய வித்தியாசம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் பத்து வருடத் தண்டனைக்கும் பத்து நாள் துக்கத்துக்கும் இடையிலான தூரத்தில் நாடுகளின் பணபலமும் நிறமும் கொஞ்சமாவது இருக்கிறது.

கிறைஸ்ட்சேர்ச் நடந்து ஐந்து வாரத்தில் நமது ஊரில் ஈஸ்டர் ஞாயிறு. மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை என நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் இல்லை, ஹோட்டல்கள் வெறுமை. அந்த ஜூலையில் கொழும்புக்கு வந்த அணி எது தெரியுமா? அதே பங்களாதேஷ். பிரேமதாச மைதானத்தில் மூன்று ஒருநாள் போட்டிகள், மாலிங்கவின் கடைசி ஒருநாள் ஆட்டமும் அதில்தான். ஓகஸ்டில் நியூசிலாந்தும் வந்தது. கிறைஸ்ட்சேர்ச்சின் இரு தரப்புமே வந்தார்கள். மௌத்து வீட்டுக்கு முதலில் வந்தவரை நமது ஊர்களில் மறப்பதில்லை. இலங்கை கிரிக்கெட் அதை மறந்துவிட்டது போலத் தெரிகிறது.

அதே 2019இல் இலங்கை பாகிஸ்தானுக்குத் திரும்பியது. இதற்கு முன் 2017 ஒக்டோபர் 29ஆம் திகதி லாகூரில் ஒரேயொரு டி20 ஆட்டம். தலைவராக இருந்த உபுல் தரங்க போக மறுத்தார், திசர பெரேரா தலைமையில் அணி சென்று தோற்றுத் திரும்பியது. 2019 செப்டெம்பரில் முழுமையான வெள்ளைப் பந்துத் தொடருக்கு மாலிங்க, மெத்தியூஸ், திமுத் கருணாரத்ன உட்படப் பத்து முன்னணி வீரர்கள் விலகினார்கள். சபை அவர்களுக்கு அந்தத் தெரிவை வழங்கியது. எஞ்சியவர்களைக் கொண்டு ஒருநாள் அணிக்கு லஹிரு திரிமான்ன, டி20 அணிக்கு தசுன் ஷானக தலைவர்களானார்கள். இரண்டாந்தர அணி என்று பாகிஸ்தான் ரசிகர்களே முணுமுணுத்தார்கள். கராச்சி ஒருநாள் தொடரில் தோற்றோம். லாகூர் போனதும் கதை மாறியது. அப்போது டி20 தரப்படுத்தலில் முதலிடத்தில் இருந்த பாகிஸ்தானை அந்த இளைஞர்கள் 3-0 என வெள்ளையடித்தார்கள். பானுக ராஜபக்ஷ தனது இரண்டாவது ஆட்டத்தில் 77 அடித்தார். வனிந்து ஹசரங்க என்ற பெயரைப் பலர் கவனித்தது அந்தத் தொடரில்தான்.

டிசம்பரில் முதல்நிலை அணி டெஸ்ட் ஆடப் போனது, செப்டெம்பரில் மறுத்த கருணாரத்னவே தலைவர். ராவல்பிண்டியில் மழை, சமநிலை. கராச்சியில் பாகிஸ்தான் 263 ஓட்டங்களால் வென்றது, பதினாறு வயது நஸீம் ஷா ஐந்து விக்கெட். பத்து வருடங்களுக்குப் பின் பாகிஸ்தானில் டெஸ்ட். அந்தக் கதவைத் திறந்தது இலங்கைதான், 2022இல் அவுஸ்திரேலியா நடந்து வந்தது திறந்த கதவால்.

இதனால்தான் 2025 நவம்பர் எனக்குச் சங்கடமாகப்பட்டது. குண்டு வெடித்த பின் வீரர்கள் பயந்தது இயல்பு. அவர்களில் சிலர் பாடசாலைச் சிறுவர்களாக இருக்கும்போது தொலைக்காட்சியில் அந்த பஸ்ஸைப் பார்த்தவர்கள். சபையோ, திரும்பி வருபவர்கள் விடயத்தில் விசாரணை நடக்கும், மாற்று வீரர்கள் அனுப்பப்படுவார்கள் என்று அறிவித்தது. போட்டிகள் ஒருநாள் தள்ளிப்போய் நடந்து முடிந்தன, எதுவும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பாகிஸ்தான் நன்றி சொன்னது. அந்த நன்றிக்கு உரியவர்கள் ராவல்பிண்டியில் தங்கி விளையாடியவர்கள். கொழும்பில் அறிக்கை எழுதியவர்கள் அல்ல.

அணி அங்கு தங்கியது சரி என்றே நானும் கருதுகிறேன். 1996இல் நமக்கு வந்தவர்களை நினைத்தால், போகாமல் இருப்பது கடினம். ஆனால் கடன் நாட்டுக்குரியது. அதை ஓர் இளைஞனின் உயிர்ப் பயத்தில் இருந்து வசூலிக்க முடியாது. 2019இல் விரும்பியவர்கள் போனார்கள், விரும்பாதவர்கள் நின்றார்கள், போனவர்கள் 3-0 வென்றார்கள். அந்த ஏற்பாட்டில் என்ன குறை கண்டார்கள் என்று சபை இன்னும் விளக்கவில்லை. வீரர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே, பயணத்தின் நடுவில் பாதுகாப்பு நிலை மாறினால் தண்டனையின்றி விலகும் உரிமையை எழுதிவிடலாம். பெரிய காரியமல்ல.

அஹ்ஸன் ரஸா குணமடைந்தார். அதே லாகூரில் சர்வதேசப் போட்டிகளுக்கு நடுவராக நின்றார். 2023இல் ஐசிசியின் உயர்நிலை நடுவர் குழாமில் இடம்பிடித்தார். அவர் குண்டுபட்ட அந்த டெஸ்ட் மட்டும் முடிக்கப்படவேயில்லை. ஏடுகளில் அது சமநிலை என்று பதியப்பட்டிருக்கிறது: இலங்கை 606, பாகிஸ்தான் 110க்கு 1. அதன்பின் இலங்கை லாகூரில் டெஸ்ட் ஆடியதில்லை.